காரணம் எழுதாத கட்டம்

போன மாதம் எனக்குப் பணி நிறைவு என்று தேனி ஆபீஸில் கேக் வெட்டினார்கள். வெட்டிய கையோடு, இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த நிவேதா புதுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருந்தது. பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டிவிட்டால் ஓடுவது, நடப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு அதுவே பதிந்துகொள்ளுமாம். "இதைக் கழட்டவே வேண்டாம்க்கா. தண்ணிக்குள்ளயும் எண்ணும்," என்றாள்.

அதைக் கேட்டதும் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து ஆளாளுக்கு முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். துக்கமாவது ஒண்ணாவது! எப்படா இந்த முட்டிக்கு ஓய்வு கிடைக்கும் என்று இருந்தவள் நான். எனக்கு ஞாபகம் வந்தது உத்தமபாளையத்துக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிணறு. அதைச் சொன்னேன், எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். என் தப்பும் அதில் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் எங்கள் பழைய டாக்டர் எஸ்தரம்மா எங்கிருந்தாலும் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார்.

என் பேர் அன்னக்கொடி. சொந்த ஊர் ஆண்டிபட்டி, நெசவுக் குடும்பம். பிள்ளைகளை எப்படி ஓடியாட வைப்பது என்று ஆராய்கிற திட்டம் ஒன்றுக்குக் கள ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். மதுரையில் சில வாரம் பயிற்சி. அதில் பாதி டீயிலும் மீதி கொட்டாவியிலும் போனது. என் வீட்டுக்காரருக்கு இந்த வேலையை விளங்க வைக்கத்தான் ரொம்பக் காலம் பிடித்தது. "ஊரான் வீட்டுப் பிள்ளைக வெளையாடுறத வேடிக்கை பாக்குறதுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேட்பார். ஆமாம், அதுதான் வேலை என்பேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவோம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளின் இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு, அசைவை எண்ணுகிற ஒரு பெட்டியை எலாஸ்டிக் பெல்ட்டில் கோத்துக் கட்டுவோம். ஏழு நாள் இருக்க வேண்டும். பிறகு சில பள்ளிகளில் சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாட்டு ஏற்பாடு செய்வோம். ஆறு மாசம் கழித்து மறுபடி கட்டிப் பார்த்து, பிள்ளைகள் முன்னைவிட அசைகிறார்களா என்று ஒப்பிடுவோம். வருசநாட்டு மலையடி வரைக்கும் எனக்கு 'பெல்ட்டு அக்கா' என்றுதான் பேர்.

எஸ்தரம்மாதான் திட்டத்தின் தலைமை டாக்டர். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த வீட்டுப் பெண். குள்ளமாக இருப்பார். காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பாராட்டு என்பது அவர் வாயில் வரவே வராது. ஒழுங்காகச் செய்தால் "சரி, அடுத்தது." கோணலாகச் செய்தால் "இன்னொரு தடவை சொல்லுங்க." அந்த 'இன்னொரு தடவை'யைக் கேட்டாலே நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்துவிடுவேன்.

பெல்ட்டு கட்டுவதற்கு அவர் வைத்திருந்த முறையை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வலது இடுப்பெலும்புக்கு நேர் மேலே வர வேண்டும். பெல்ட்டுக்குள் ரெண்டு விரல் நுழையணும், மூன்றாவது விரல் நுழையக் கூடாது. கட்டியதும் பிள்ளையை மூன்று தடவை குதிக்கச் சொல்லணும். பெட்டி தனியாக ஆடினால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டணும். புதுப் பெட்டி வந்தால் அவரே ஒரு வாரம் கட்டிக்கொண்டு திரிவார். ஒரு தடவை இடுப்பில் தடித்துப் போய்விட்டது. அதற்கப்புறம்தான் பெல்ட்டுக்கு அடியில் துணி வைக்கச் சொன்னார்.

இன்னொரு விதியும் உண்டு. எங்கள் நோட்டில் எதை எழுதினாலும் ஓரத்தில் 'பா' என்றோ 'கே' என்றோ போட வேண்டும். பார்த்தது என்றால் பா, கேட்டது என்றால் கே. "நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா? ரெண்டும் இல்லைன்னா எழுதாதீங்க," என்பார். நான் பேச்சில் கொஞ்சம் மசாலா தூவுகிறவள். எனக்கு அது பெரிய இம்சையாக இருந்தது.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெட்டி என்னை மயக்கிவிட்டது. முதல் முதலாக ஒரு பிள்ளையின் ஒரு நாளைக் கோட்டுப் படமாகப் பேப்பரில் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு கோடு. காலையில் குச்சி குச்சியாகக் கிளம்பி, பஸ்ஸைப் பிடிக்க ஓடிய இடத்தில் விறுவிறுவென்று ஏறி, வகுப்பில் செத்துப் படுத்து, இடைவேளை மணி அடித்ததும் காடு மாதிரி எழும்பி நின்றது. அந்தப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. அது எங்கே தாவியது, எங்கே அசந்தது எல்லாம் என் கையில் இருந்தது. அடேயப்பா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எஸ்தரம்மா, "சரி, அடுத்தது," என்றார்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பையன் பெட்டியை ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டான். கோட்டைப் பார்த்த உடனே எஸ்தரம்மா, "அன்னக்கொடி, இது ரெண்டு கால் இல்லையே," என்றார். பையனைக் கூப்பிட்டால், "நம்ம வெள்ளாட்டுக்கு எம்புட்டு வருதுன்னு பாத்தேன் டீச்சர்," என்கிறான். நான் திட்ட வாயெடுத்தேன். அவரோ ஆட்டின் படத்தையும், பையன் பெட்டி கட்டியிருந்த மற்ற நாட்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனிடமே கொடுத்துவிட்டு வந்தார். அவனும் நாங்களும் குனிந்து குனிந்து பார்த்தோம். ஆடு அவனைத் தோற்கடித்திருந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

பெட்டியோடு ஒரு தாளும் கொடுப்போம். குளிக்கப் போனால் பெட்டியைக் கழற்றி வைக்க வேண்டும், தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும். எப்போது கழற்றினாய், எப்போது மாட்டினாய், காரணம் என்ன என்று மூன்று கட்டம். ராத்திரி அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். கழற்றி வைத்த நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம்.

உத்தமபாளையத்துக்குத் தெற்கே ஒரு ஊர்ப் பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். அங்கே ஒன்பதாவது படித்த வினோதினியின் தாளில் காரணக் கட்டம் ஏழும் காலி. தினமும் சாயங்காலம் பள்ளி விட்டதும் கழற்றியிருக்கிறாள், இருட்டுகிற நேரத்தில் மாட்டியிருக்கிறாள். கையெழுத்து அப்பாவுடையது. கம்ப்யூட்டரில் காரணம் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. எனக்கோ அன்றைக்கு இன்னும் ஒரு கட்டுத் தாள் பாக்கி. 'மறந்துவிட்டார்' என்று ஏழு நாளுக்கும் தட்டிவிட்டேன். நான் பார்க்கவும் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

மிச்ச நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் அந்தப் பள்ளியிலேயே ஆகக் குறைவாக அசைகிற பிள்ளை வினோதினி என்று வந்தது. எனக்கு ஆச்சரியமே இல்லை. கொஞ்சம் கனத்த உடம்பு. இடைவேளையில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். வகுப்பில் 'அம்மிக்கல்லு' என்று கூப்பிடுவார்கள்.

ரெண்டாவது தப்பு இதைவிட மோசம். தலைமையாசிரியர் நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்து, "யார் யாரு அசையாம இருக்காகன்னு சொன்னீகன்னா நாங்க கொஞ்சம் கவனிச்சுக்கிருவோம்மா," என்றார். பிள்ளைகளின் விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. நல்லதுக்குத்தானே என்று ஐந்து பேரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் பேர் வினோதினி.

விளையாட்டு வாத்தியார் மறுநாள் காலை வழிபாட்டில் அந்தச் சீட்டை வாசித்துவிட்டார். ஐந்து பேரும் எல்லாரும் பார்க்க மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். நாலு பேர் சிரித்து மழுப்பிக்கொண்டு ஓடினார்கள். வினோதினி பாதிச் சுற்றில் நின்றாள், பையை எடுத்தாள், வீட்டுக்குப் போனாள். அப்புறம் பள்ளிக்கே வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் எனக்குப் போன் செய்தார். "இனி வரமாட்டேங்குதாம்மா. திராட்சை வெட்டுற வேலைக்குப் போறேன்னு சொல்லுதாம்."

அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறினேன். வீட்டில் அவள் அம்மா ஈஸ்வரி இருந்தாள். பெல்ட்டு கட்டிய ஆள் நான்தான் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, எம்பிள்ளை நல்லாத்தான படிச்சிட்டு இருந்துச்சு? சோம்பேறின்னு மைக்குல சொல்லிட்டீகளே, நீங்கள்லாம் பிள்ளை பெத்தவுகதானா?" என்றாள். எனக்கு எதற்கும் வாய் ஓயாது. அன்றைக்குப் பிள்ளை எங்கே என்று மட்டும் கேட்டேன். "தோட்டத்துல. அவுக அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோயிருக்கு."

அப்பா சின்னச்சாமி திராட்சைத் தோட்டத்துக்குக் காவல். பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து போனேன். தூரத்திலேயே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் ரூம் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தலையே வெறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "அங்கன போகாதீக மேடம்!"

நான் போய்விட்டேன்.

பெரியாற்று அணைத் தண்ணீர் விட்டிருந்த சமயம், கிணறு பாதிக்கு மேல் நிறைந்து கிடந்தது. அகன்ற வட்டக் கிணறு, எட்டிப் பார்த்தால் அடிவயிறு கூசும். உள்ளே யாரும் இல்லை. தண்ணீரில் வளையம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது. ஒன்று, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை நின்று "ஐயோ பிள்ளை!" என்று கத்திவிட்டேன். அந்த நேரத்தில் எதிர்ச் சுவரோரம் ஒரு தலை மேலே வந்தது. முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே கையை வீசிச் சுவரோரமாகச் சுற்ற ஆரம்பித்தது.

ஆத்தாடி, அதை நான் எப்படிச் சொல்வேன்! சுடிதாரோடுதான் நீந்தினாள். தண்ணீர் தெறிக்கவே இல்லை. ஒரு கை போய் விழுகிற இடத்தை இன்னொரு கை எடுத்துக்கொண்டது. ஒரு சுற்று, ரெண்டு சுற்று, பத்து, பதினைந்து. மூச்சு வாங்கவில்லை. பிறகு சுவரில் நீட்டியிருந்த படிக்கற்களில் கால் வைத்து விறுவிறுவென்று மேலே ஏறி, நான் நிற்பதைக் கவனிக்காமலே எதிர் மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தாள். பள்ளிக்கூடத்தில் காலை இழுத்து இழுத்து நடந்த அதே உடம்பு. எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தவள் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

சின்னச்சாமி பக்கத்தில் வந்து நின்றார், அப்போதும் முதுகு கிணற்றுப் பக்கம்தான். "வயசுக்கு வந்த பிள்ளை கெணத்துல குதிக்கிறத அவ அம்மா கேட்டா ரெண்டாக்கிருவா மேடம். தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. நான் பாக்கலைல்ல? பாக்காத வரைக்கும் எனக்குத் தெரியாது. யாரு கேட்டாலும் பொய் சொல்ல வேண்டியதில்லை." தினமும் மகளுக்குக் காவலாக இப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார் மனுஷர்.

வினோதினி ஈரத்தோடு மேலே வந்தாள், என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று. "தாள்ல ஏன் எழுதலை?" என்றேன். "எழுதினா அம்மா பாத்துரும்க்கா. கெணறு போயிரும்." சடையைப் பிழிந்துகொண்டே, "பொய் எழுதவும் மனசு வரலை, அதான் சும்மா விட்டுட்டேன்," என்றாள். அந்தப் பிள்ளை நேர்மையாகக் காலியாக விட்ட கட்டத்தில்தான் நான் பொய்யை நிரப்பியிருந்தேன்.

மறுநாள் எஸ்தரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஏழு கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டார். "ஏழு நாளும் ஒரே நேரத்துலயா மறக்கும் ஒரு பிள்ளை?" என்றார். அப்புறம், "பா, கே ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு நீங்களா வச்சிருக்கீங்க. அதுக்கு என்ன எழுத்து?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மேஜை மேலேயே கவிழ்ந்து அழுதுவிட்டேன்.

நான் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். "அந்தப் பிள்ளை சம்மதிச்சா நானும் வந்து பாக்கணும். சம்மதிச்சா மட்டும்," என்றார். சின்னச்சாமிக்குப் போன் போட்டோம். பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "டாக்டரம்மா அம்மாகிட்ட சொல்லுவாகளா?" சொல்லமாட்டேன் என்று எஸ்தரம்மா வாக்குக் கொடுத்தார்.

எஸ்தரம்மா கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு வந்தார். பென்சில், நோட்டு, எல்லாம் தயார். கிணற்று மேட்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். சின்னச்சாமி வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வினோதினி பாய்ந்தாள். பொழுது மலைக்குப் பின்னால் இறங்குகிற வரைக்கும் நீந்தினாள். எல்லாம் முடிந்து பிள்ளை துணி மாற்றப் போன பிறகு எஸ்தரம்மா குனிந்து ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். அதை அமுக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் மறந்து நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளைகளை அசைய வைக்கணும்னு இவ்வளவு காலமா ஆராய்ச்சி பண்றேன். அசையற பிள்ளையவே கழிச்சு விட்டுட்டோமே அன்னக்கொடி. அவ படிப்பும் சேந்து போகப் போகுது." பெட்டி தண்ணீரை அறியாது, சைக்கிளையும் சரியாக அறியாது, இது எங்களுக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் பெட்டி சொன்னதைப் பிள்ளை மேல் ஒட்டிவிட்டோம். ஆபீஸ் கணக்கில் திருத்துவது சுலபம், பேரில்லாமல் எண்ணை மட்டும் போட்டு 'தண்ணீரில்' என்று எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்தில் எப்படித் திருத்துவது? உண்மையைச் சொன்னால் கிணறு போகும். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும்.

"என்ன பாத்தோம்னு சொல்ல வேண்டியதில்ல. என்ன தப்பு பண்ணோம்னு சொல்லலாம்ல?" என்றார் எஸ்தரம்மா. "சீட்டு எழுதினது நீங்க. மைக்கைப் பிடிக்கிறதும் நீங்கதான்."

திங்கட்கிழமை காலை வழிபாடு. மொத்தப் பள்ளிக்கூடமும் நிற்கிறது. நான் வாயாடி என்று பேரெடுத்தவள், அன்றைக்கு மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "நான் பெல்ட்டு அக்கா. ஐந்து பேர் அசையறதில்லைன்னு எழுதிக் குடுத்தது நான்தான். அது தப்பு. நான் பாக்காததைப் பாத்த மாதிரி எழுதிட்டேன். அந்தச் சீட்டைக் குடுத்ததே தப்பு. அந்த ஐந்து பேருகிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன்." பின் வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. விளையாட்டு வாத்தியார் வந்து காதோடு, "அப்ப அந்த வினோதினி உண்மையில எவ்வளவுதான் அசையுது?" என்று கேட்டார். "அதச் சொல்றதுக்கில்ல சார். நீங்க தாங்கமாட்டீக," என்றேன். முந்தின நாளே போனில் சொல்லி வைத்திருந்தேன், கேட் ஓரத்தில் சின்னச்சாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேரியரில் உட்கார்ந்திருந்த வினோதினி இறங்கினாள். பையை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்த் தன் வகுப்பு வரிசையில் நின்றாள்.

ஆறு மாசம் கழித்து அதே பள்ளியில் மறுபடி பெல்ட்டு கட்டினோம். ஏழு நாள் முடிந்து தாள்களை வாங்கினேன். வினோதினியின் தாளில் காரணக் கட்டம் ஏழும் நிரம்பியிருந்தது. 'கிணற்றில் நீந்தினேன்' என்று ஏழு தரம், குண்டு குண்டாக அவள் கையெழுத்தில். கீழே அப்பாவின் கையெழுத்து இல்லை. ஈஸ்வரி என்று இருந்தது.

ஓடினேன் அவள் வீட்டுக்கு. ஈஸ்வரி வாசலிலேயே வழிமறித்தாள். "ஏன் மேடம், பெத்தவ எனக்குத் தெரியாம தேனியில இருந்து டாக்டரம்மா வந்து பாத்துட்டுப் போயிருக்காக. இது நல்லாவா இருக்கு?" யார் சொன்னது என்றேன். "அதுவேதான். நீங்க மைக்குல பேசின அன்னைக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் கொட்டிருச்சு. வெளக்குமாத்தை எடுத்துட்டு அப்பனையும் மகளையும் சாத்தத்தான் தோட்டத்துக்குப் போனேன். கெணத்து மேட்டுல நின்னு பாத்தா..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்பிள்ளையா அதுன்னு இருந்துச்சு," என்றாள். இப்போதெல்லாம் சாயங்காலம் மேட்டில் உட்கார்ந்திருப்பது அவள்தானாம். தெருவில் பேச வந்தவர்களையும் அவளே கவனித்துக்கொண்டாளாம், எப்படி என்று நான் கேட்கவில்லை.

ஆபீஸுக்கு வந்து தாளைப் பதிவு செய்தேன். அந்த ஏழு நாளும் நான் அங்கே இல்லை. ஈஸ்வரி சொல்லிக் கேட்டதுதான். விதிப்படி ஓரத்தில் 'கே' என்று போட்டு எஸ்தரம்மாவிடம் நீட்டினேன். கடைசிக் கட்டத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில், கோணல் மாணலாக, முன்னால் நான் கவனிக்காத ஒரு வரியை அவர்தான் காட்டினார். 'நானே நின்னு பாத்தேன்' என்று ஈஸ்வரி எழுதியிருந்தாள்.

எஸ்தரம்மா காதோரத்துப் பென்சிலை எடுத்தார். என் 'கே'யை அடித்துவிட்டு 'பா' என்று போட்டார். "சரி," என்றார். அன்றைக்கு 'அடுத்தது' என்று சொல்லவில்லை.